டிசம்பர் 25: ஒரே நாள், இரண்டு தீ

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டிசம்பர் 25 என்றால் நம் குழந்தைகளுக்குத் தெரிவது கிறிஸ்துமஸ். அது நம்மில் பலருடைய பண்டிகை. அவர்கள் மகிழ்ச்சியோடு கொண்டாடட்டும், நாமும் வாழ்த்துவோம். ஆனால் அதே தேதியில் நடந்த வேறு இரண்டு நிகழ்ச்சிகளும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, நாம் பிழைக்க வந்திருக்கும் இந்த மராட்டிய மண்ணில் நடந்தது. மற்றொன்று, நாம் விட்டு வந்த தமிழ் மண்ணில் நடந்தது. இரண்டுக்கும் இடையே 41 ஆண்டுகள். இரண்டிலும் தீ எரிந்தது. எரிந்தது எது என்பதில்தான் வேறுபாடு.

முதலாவது மஹாட். மும்பைக்குத் தெற்கே கொங்கணத்தில், இன்றைய ராய்கட் மாவட்டத்தில் உள்ள ஊர். அங்கே சவுதார் என்று ஒரு குளம். ஆடு குடிக்கலாம், மாடு குடிக்கலாம். தாழ்த்தப்பட்ட மனிதன் குடிக்கக் கூடாது. சட்டம் இல்லாமலா இருந்தது? 1923-லேயே பம்பாய் சட்டசபையில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறிவிட்டது. பொதுக் குளம், பொதுக் கிணறு எல்லோருக்கும் பொது என்றது அந்தத் தீர்மானம். 1924-ல் மஹாட் நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் குளம் திறந்தது, கரையில் திறக்கவில்லை.

1927 மார்ச் 20-ந் தேதி டாக்டர் அம்பேத்கர் மக்களைத் திரட்டிக்கொண்டு நடந்து போய் அந்தக் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். பின்னால் வந்தவர்களும் குடித்தார்கள். கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி கிளப்பி அவர்களைத் தடிகொண்டு அடித்தார்கள். பிறகு, மனிதன் கை பட்ட தண்ணீரைச் சாணத்தையும் கோமியத்தையும் ஊற்றிச் சுத்தம் செய்தார்கள்! ஆகஸ்டில் நகராட்சியும் தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அதற்குப் பதிலாகத்தான் டிசம்பர் 25-ந் தேதி இரண்டாவது மாநாடு கூடியது. பந்தல் போட ஊரில் யாரும் இடம் தரவில்லை. இடம் கொடுத்தவர் பத்தேகான் என்ற முஸ்லிம் பெரியவர். பஸ் முதலாளிகள் ஏற்றிக்கொள்ள மறுத்துவிடலாம் என்பதால், அம்பேத்கரும் தோழர்களும் கப்பலில் தாஸ்காவ் வந்து இறங்கினார்கள். அங்கிருந்து மஹாட் நடந்து போய்விடக் கூடிய தூரம். அன்று இரவு, பிறப்பால் மனிதனைத் தரம் பிரித்த மனுஸ்மிருதி தீயில் இடப்பட்டது. அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்த சகஸ்ரபுத்தே பிறப்பால் பிராமணர் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. ஒரு முறையை எதிர்த்த தீ அது. அதில் யார் மேலும் ஒரு பொறிகூட விழவில்லை.

தாய்மார்களே, அதே மாநாட்டில் அம்பேத்கர் பெண்களைத் தனியாக அழைத்துப் பேசினார். உங்களைத் தாழ்ந்தவர் என்று அடையாளம் காட்டும் உடுப்பையும் நகையையும் விடுங்கள், மற்றப் பெண்களைப் போல் சேலை உடுத்துங்கள், பெண் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்றார். உடை ஒரு சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். தோளில் துண்டு போட உரிமை இல்லாத ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும்.

குளம் என்ன ஆயிற்று? எதிர்த்தரப்பார் நீதிமன்றத்திற்குப் போய்த் தடை வாங்கியிருந்தார்கள். சத்தியாகிரகம் தள்ளிவைக்கப்பட்டது. மக்கள் தண்ணீரைத் தொடாமல் ஊர்வலமாகக் குளத்தைச் சுற்றி வந்தார்கள். பம்பாய் உயர்நீதிமன்றம் இறுதியாகத் தாழ்த்தப்பட்டோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது 1937 மார்ச்சில். ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்து ஆண்டு வழக்கு!

தோழர்களே, இனி இரண்டாவது தீக்கு வருகிறேன்.

1950-ல் அரசியல் சட்டம் வந்தது. அதன் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்ததாக அறிவித்தது. அதற்கும் 18 ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், ராமையாவின் குடிசையில் உயிருக்கு அஞ்சி ஒளிந்த 44 பேர் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். எல்லோரும் தாழ்த்தப்பட்ட விவசாயக் கூலிகளின் குடும்பத்தினர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

என்ன குற்றம் செய்தார்கள்? கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். குடிசை வாசலில் செங்கொடி ஏற்றினார்கள். கொடியை இறக்கு, எங்கள் சங்கத்தில் சேர் என்றார்கள் மிராசுதாரர்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்தார். மறுத்தார்கள். அவ்வளவுதான்.

அது கூலித் தகராறு, சாதிக்கு அதில் இடமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அது சாதிக் கொடுமை, கூலி வெறும் சாக்கு என்று வேறு சிலர் சொல்கிறார்கள். நான் கேட்கிறேன்: சாணிப்பால் குடிக்க வைத்ததும் சவுக்கால் அடித்ததும் யாரை? பண்ணையாளை. அந்தப் பண்ணையாள் யார்? சேரிக்காரன். சாதி தாழ்ந்தவன் என்பதால் கூலி குறைத்துக் கொடுக்கப்பட்டது. கூலி குறைவு என்பதால் அவன் தலை நிமிர முடியவில்லை. இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு புரி. ஒன்றை மட்டும் அறுத்தால் கட்டு அவிழாது.

வழக்கு நடந்தது. 1970-ல் கீழ்க்கோர்ட்டு கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களுக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. வசதி படைத்த நிலக்காரர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்பது அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. கூலியைப் பற்றி ஆராய அரசு கணபதியா பிள்ளை ஆணையத்தை அமைத்தது. 1969-ல் நியாயக் கூலிச் சட்டமும் வந்தது. 44 உயிர் போன பிறகு அரைப்படி நெல்லுக்குச் சட்டம்!

ஊரை விட்டு வந்து இத்தனை வருஷம் ஆகிவிட்டதே, பழைய காயத்தை ஏன் கிளற வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

கீழத்தஞ்சைப் போராட்டத்தில் மிராசுதாரர்கள் கையாண்ட முக்கியமான ஆயுதம் எது? உள்ளூர்க்காரன் கூலி கேட்டால் வெளியூர் ஆளைக் கொண்டுவந்து அறுப்பு அறுப்பது. வெளியூர் ஆளும் ஏழைதான், பசிக்குத்தான் வந்தான். ஆனால் ஒரு ஏழையின் பசியைக் கொண்டு இன்னொரு ஏழையின் வயிற்றில் அடித்தார்கள். தோழர்களே, இந்த நகரத்தில் அந்த வெளியூர் ஆள் யார்? நாம்தான். 1960-களில் இந்தத் தெருக்களில் தென்னாட்டுக்காரன் வேலையைப் பறிக்கிறான் என்று நம் கடைகளை உடைத்தார்கள். ஆத்திரம் முதலாளியின் மேல் திரும்பவில்லை, இட்லிக் கடைக்காரன் மேல் திரும்பியது. இன்று தஞ்சை வயலில் நடவு நட வங்காளத்திலிருந்து ஆள் வருகிறார்கள். நம் ஊர்க்காரர்கள் சிலர் அவர்களைப் பார்த்து அதே பேச்சைப் பேசுகிறார்கள். வெளியூர் ஆளாக வாழ்ந்து பார்த்த நாம் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கலாமா?

தஞ்சைப் பண்ணையாட்களுக்குச் சங்கம் கட்டிய பி. சீனிவாசராவ் யார்? கன்னட நாட்டிலிருந்து வந்தவர். தமிழ் பேசக் கற்றுக்கொண்டு சேரியில் தங்கி, அடித்தால் திருப்பி அடி என்று சொல்லிக் கொடுத்தவர். வெளியூர் ஆள் கருங்காலியாகவும் ஆகலாம், சீனிவாசராவாகவும் ஆகலாம். எது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: ஆண்டுதோறும் டிசம்பர் 25 மாலை, ஆலயத்துக்குப் போகும் குடும்பங்கள் வழிபாடு முடித்து வந்த பிறகு, மஹாடையும் வெண்மணியையும் சேர்த்து நினைவுகூர்வோம். பக்கத்துச் சாலில் இருக்கும் மராட்டியத் தோழர்களையும் அழைப்போம். டிசம்பர் 6-ந் தேதி தாதரில் சைத்யபூமிக்கு லட்சக்கணக்கில் வரும் மக்களை நாம் ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறோம். அவர்கள் ஏன் வருகிறார்கள் என்று நாம் கேட்டுத் தெரிந்துகொள்வோம். வெண்மணியைப் பற்றி நாம் அவர்களுக்குச் சொல்வோம்.

இரண்டு: நாகாவில் நிற்கும் நம் தோழர்கள், பேசிய கூலிக்குக் கீழே போவதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும். பீகாரிலிருந்தோ உத்தரப் பிரதேசத்திலிருந்தோ புதிதாக வந்து நிற்பவனிடம் அந்தக் கூலி எவ்வளவு என்பதை முதலில் நாமே சொல்ல வேண்டும். அவனுக்குத் தெரியாமல் இருப்பது மேஸ்திரிக்குத்தான் லாபம்.

மூன்று: இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். நாமே இங்கு வந்தும் சாதிக்கொரு சங்கம், சாதிக்கொரு சந்து என்று பிரிந்து கிடக்கிறோம். ஒரே குழாயில் வரிசையில் நின்று தண்ணீர் பிடிக்கிறோம். கல்யாணப் பந்தியிலும் துக்க வீட்டிலும் மட்டும் ஊர்க் கணக்கு ஞாபகம் வந்துவிடுகிறது. சவுதார் குளத்துக்காகப் பத்தாண்டு வழக்காடியவர்களின் மண்ணில் நின்றுகொண்டு அதைச் செய்யலாமா? நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் சமைப்பதும் பரிமாறுவதும் எல்லாத் தெருக்காரர்களும் கலந்தே நடக்க வேண்டும்.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1923 தீர்மானம் இல்லாவிட்டால் மஹாடில் வழக்காடப் பிடிப்பு ஏது? ஆனால் மக்கள் நடந்து போய்க் குளத்தில் கை வைத்த பிறகுதான் அந்தத் தீர்மானத்துக்கு உயிர் வந்தது. கூலிச் சட்டமும் அப்படித்தான். நாம் சேர்ந்து நிற்காவிட்டால் அது அலமாரியில் தூங்கும்.

வெண்மணியில் நினைவிடம் இருக்கிறது. ஒவ்வொரு டிசம்பர் 25-லும் அங்கே மக்கள் கூடுகிறார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, முடிந்தவர்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். விடுமுறை கிடைக்காதவர்கள் இங்கே கூடுவோம். இந்த மூன்று வேண்டுகோள்களையும் தீர்மானமாக ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டு, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.