வாசலில் நிற்பவர் இல்லாத துண்டறிக்கை

(தரம் பிரித்தல் பரப்புரைக்காக வீடு வீடாகச் செல்லவிருக்கும் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீங்கள் அச்சடிக்கப்போகும் துண்டறிக்கையைப் படித்தேன். மக்கும் குப்பை பச்சைத் தொட்டியில், மக்காத குப்பை நீலத் தொட்டியில் என்று தெளிவாக இருக்கிறது. பூமிப் பந்து இருக்கிறது, மரம் இருக்கிறது, சிரிக்கும் குழந்தையும் இருக்கிறது. குப்பையை வாங்க வாசலில் வந்து நிற்கும் தொழிலாளி மட்டும் இல்லை.

பழைய சோறு, உடைந்த கண்ணாடி, நாப்கின் எல்லாவற்றையும் ஒரே கவரில் கட்டி வெளியே வைக்கும் துணிச்சல் ஒரு வீட்டுக்கு எங்கிருந்து வருகிறது? பிரிப்பதற்கு வேறொரு கை வரும் என்ற உறுதியிலிருந்து வருகிறது. அந்தக் கை எந்தச் சேரியிலிருந்து வரும் என்பதும் ஊருக்குத் தெரியும். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து வைக்கிறது என்று 1936இலேயே அண்ணல் அம்பேத்கர் விளக்கிவிட்டார். நம் குப்பைத் தொட்டிக்கு அது இன்னும் எட்டவில்லை.

ஆய்வுக்காக வடசென்னையில் தூய்மைப் பணியாளர்களோடு பல காலைகள் நடந்திருக்கிறேன். பேட்டரி வண்டி தெருவில் நுழைந்ததும், "ம்மா, குப்பைக்காரங்க வந்துட்டாங்க" என்று வீட்டுக்குள் குரல் கேட்கும். குப்பை வீட்டுக்காரருடையது, பெயர் மட்டும் இவர்களுக்கு. மக்களிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லலாம் என்றால் என்ன சொல்வீர்கள் என்று ஓர் அக்காவிடம் கேட்டேன். "பிளேடு, ஊசியெல்லாம் பேப்பர்ல மடிச்சுத் தனியா குடுக்கச் சொல்லு கண்ணு. கவரைத் தூக்குறப்போ கால்ல கிழிக்குது" என்றார்.

புனேவில் 1993இல் குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் கட்டினார்கள். பெரும்பாலோர் தலித் பெண்கள். கிராமத்து நீர்நிலை எல்லாச் சாதிக்கும் பொது என்று மராட்டியத்தில் இயக்கம் நடத்திய பாபா ஆதவ் அவர்களோடு நின்றார். பின்னர் 'ஸ்வச்' என்ற கூட்டுறவு அமைப்பை உருவாக்கி, மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடு வீடாகக் குப்பை சேகரித்தார்கள். வீடுகள் தரும் மாதக் கட்டணமும் பழைய பேப்பர், பிளாஸ்டிக் விற்ற காசும் அந்தப் பெண்களுக்கே. நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி மேலே சிவப்புப் புள்ளி வையுங்கள் என்று வீடுகளைக் கேட்டார்கள். அதைப் போடுவதற்கான உறையைக் கம்பெனிகள் கொடுக்கவில்லை. 2013இல், பயன்படுத்திய நாப்கின்களை மூட்டை கட்டி அந்தக் கம்பெனிகளுக்கே திருப்பி அனுப்பினார்கள்! எனக்குத் தெரிந்த சிறந்த குப்பைப் பரப்புரை அதுதான்.

நம் ஊரில்? 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தார்கள். இரவோடு இரவாகப் போலீஸ் அப்புறப்படுத்தியது. எத்தனை குடியிருப்போர் சங்கங்கள் அவர்களுக்காகத் தெருவுக்கு வந்தன?

"நாங்க பிரிச்சுக் குடுத்தாலும் லாரியில ஒண்ணாத்தானே கொட்றாங்க?" இந்தக் கேள்வி உங்களுக்குக் கட்டாயம் வரும். மழுப்பாதீர்கள், பல இடங்களில் உண்மைதான். டன்னுக்கு இவ்வளவு என்று பணம் வாங்கும் ஒப்பந்ததாரருக்குக் குப்பை குறைந்தால் நட்டம். அதை ஒப்பந்தம் போட்டவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள், வண்டி தள்ளுபவரிடம் பாய வேண்டாம். அடுக்குமாடிகளில் "நாங்க எல்லாம் பிரிக்கிறோமே" என்பார்கள். யார் பிரிக்கிறார்கள் என்று கேளுங்கள். பல வீடுகளில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்தான். வீட்டு ஆண்கள் எத்தனை பேர் தொட்டியைத் தொட்டிருக்கிறார்கள் என்பது தனிக் கதை.

குப்பையைக் குறைக்கச் சொல்லும்போது, அது போய்ச் சேரும் இடத்தையும் சொல்லுங்கள். கொடுங்கையூரும் பெருங்குடியும்தான் சென்னையின் குப்பையைச் சுமந்தன. போயஸ் தோட்டத்தில் ஏன் ஒரு குப்பை மேடும் இல்லை? உணவு டப்பா நான்கு வாங்கும் வீட்டில் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

துண்டறிக்கை மாலையில்தான் அச்சுக்குப் போகிறது என்றார்கள். பூமிப் பந்தை எடுத்துவிட்டு, பிளேடை மடிக்கும் முறையை அங்கே போடுங்கள். ஒவ்வொரு தெருவுக்கும் அங்கே வேலை செய்யும் பணியாளர் ஒருவரை அழைத்துப் போங்கள், முதலில் அவர் பேசட்டும். பேசும் நேரத்துக்குக் கூலி கொடுங்கள். கருத்தரங்கில் பேசினால் நாங்கள் வாங்கிக்கொள்கிறோமே, அதுபோல.