பெற்றோர் தந்த எழுத்து



எழுதத் தொடங்குதற்கு முதுமை தடையென எண்ணுகிறோம். அமெரிக்காவில் லாரா இங்கல்ஸ் வைல்டர் அம்மையாரின் முதல் நூல் 1932இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 65. தந்தையார் சிறுவயதில் சொன்ன கதைகளை அதிலே எழுதிவைத்தார்.

பதிப்பாசிரியராகப் புகழ்பெற்ற நம் உ. வே. சாமிநாதையர், 1940இல் ஆனந்த விகடனில் தன் சரித்திரத்தை எழுதத் தொடங்கினார். அப்போது வயது 84. இசைவாணரான தந்தையார், மகனின் தமிழார்வத்தை அறிந்து, 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் அழைத்துச் சென்ற வரலாறு அதில் உண்டு.

ஒருகொடவத்தையில் வாழும் நம் பெற்றோர் எவ்வூரிலிருந்து, என்ன பாடுபட்டு இங்கு வந்தனர்? எழுதாவிடில் அவர்களோடு அது மறையும். பெரியோர்களே, ஒரு கொப்பி எடுங்கள். எழுத இயலாதோர் சொல்லுங்கள். இளைஞர்களாகிய நாம் எழுதுவோம்.