பழைய வண்டியும் மலைப்பாதையும்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியம் முழங்கும் இம்மேடையில் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். நான் தயங்கினேன். “வாலிபப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் எல்லாம் இன்று நடக்கும் வழக்கு இதுதான், நீர் பட்டதைச் சொன்னால் போதும்” என்றார்கள். பட்டதைச் சொல்ல வந்திருக்கின்றேன். பிழையிருப்பின் பொறுத்தருள்க.

என் தந்தையார் அரக்கோணத்திலிருந்து மாற்றலாகி இப்பக்கம் வந்தவர். நான் மெட்ரிகுலேசன் தேறி, இரயில்வேயில் எழுத்தனாகச் சேர்ந்தவன். பார்சல் அலுவலகத்தில் அமர்ந்து, ஊர்ப்பெயர் எழுதிய சீட்டுகளை ஒட்டுவது என் தொழில். ஒவ்வொரு கோடையிலும் இளைஞர் சிலர் தம் வண்டிகளை வடக்கே அனுப்ப வருவார்கள். தில்லி, சண்டிகர், ஜம்மு என்று நான் எழுதுவேன். பெட்ரோலை முழுவதும் வடித்திருக்கிறார்களா என்று பார்ப்பேன், ஆர்.சி. புத்தகத்தின் படியை வாங்கிக்கொள்வேன். வைக்கோலும் சாக்கும் சுற்றிய வண்டியின்மேல் சீட்டை ஒட்டுவேன். நான் ஒட்டிய சீட்டு இலடாக்கு வரை போகும். ஒட்டியவனோ நாற்காலியிலேயே இருப்பான்! அந்த ஏக்கம் எனக்கும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆயினும் எங்கள் இல்லத்தில் பதினோர் ஆண்டுகளாக ‘மோட்டார் சைக்கிள்’ என்ற சொல்லே எழுந்ததில்லை. காரணம் என் மனைவியின் தம்பி. அவன் மூன்று கைகள் மாறிய பழைய வண்டி ஒன்றை மலிவாக வாங்கினான். வண்ணம் புதியது; டயர் மொட்டை. கூடுதல் விளக்குக்கும், பெரிய ஊதலுக்கும், ஒட்டுப்படங்களுக்கும் ஆறாயிரம் ரூபாய் செலவிட்டான். “தலைக்கவசம் எங்கேயப்பா?” என்று கேட்டேன். “அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கிவிடுவேன், மாமா” என்றான். பாகராப்பேட்டை மலைப்பாதையில், மழை பெய்த ஓர் இரவில், ஒரு வளைவில் அவன் கதை முடிந்தது. அடுத்த மாதச் சம்பளம் அவன் தாயார் கையில் வந்து சேர்ந்தது.

அந்த வீட்டில்தான், சென்ற ஆண்டு, என் மகன் “அப்பா, மலைப்பாதையில் போகக்கூடிய வண்டி ஒன்று வேண்டும்” என்றான். நான் வாய் திறக்கவில்லை. என் மனைவி நெடுநேரம் சும்மா இருந்துவிட்டு, “வாங்குங்கள். ஆனால் என் தம்பி வாங்கியதுபோல் வாங்காதீர்கள்” என்றாள். இன்று நான் சொல்லப் போவதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரையே!

மலைப்பாதை வண்டி என்பது யாது? கல்லும் பள்ளமும் நிறைந்த வழியிலும், நெடுஞ்சாலையிலும் ஒருங்கே செல்லத்தக்கதாய், மூட்டையும் சுமப்பதாய் அமைந்த மோட்டார் சைக்கிள். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1980ஆம் ஆண்டில் இவ்வகையில் பெரிய வண்டி ஒன்றை வெளியிட்ட பின்னர் உலகெங்கும் இது பரவியது. அதற்கு முன்னும் பயணிகள் இருந்தனர். 1973ஆம் ஆண்டில் டெட் சைமன் என்னும் ஆங்கிலப் பத்திரிகையாளர் டிரையம்ப் வண்டியில் புறப்பட்டு, நான்கு ஆண்டுகள் உலகைச் சுற்றினார். நம் நாட்டின் வழியாகவும் வந்தார். அவர் ஏறியது சாதாரணச் சாலை வண்டிதான். வண்டியின் பெயரைவிட அதை ஓட்டுவோனின் பொறுமையே பெரிது என்பதற்கு இது சான்று.

நம் பக்கத்துக்கு வருவோம். 1955ஆம் ஆண்டில் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்துக் கம்பெனியுடன் கூடி என்பீல்டு வண்டிகளைத் திருவொற்றியூரில் செய்யத் தொடங்கியது. அந்த மரபில் வந்த இராயல் என்பீல்டு, 2016ஆம் ஆண்டில் ‘ஹிமாலயன்’ என்னும் வண்டியை வெளியிட்டது. பெயர் இமயம், பிறப்பு தமிழகம்! 411 சி.சி. எஞ்சின், 15 லிட்டர் டாங்க், முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17 அங்குலம், தரையிலிருந்து வண்டியின் அடிப்பகுதி 220 மில்லிமீட்டர் உயரம். 2023 நவம்பரில் 452 சி.சி. கொண்ட புது ஹிமாலயன் வந்தது. பழைய 411 நிறுத்தப்பட்டது. பலர் பழையதை விற்றுப் புதியதற்கு மாறினர். எம்மைப் போன்ற சம்பளக்காரருக்கு அதனால் ஒரு வழி பிறந்தது.

முதலில் நாங்கள் செய்தது வண்டி பார்ப்பது அன்று, கணக்குப் போடுவது. கையில் இருந்தது 1,60,000 ரூபாய். அதில் 35,000 ரூபாயை என் மனைவி தனியே எடுத்து, ஓர் உறையில் இட்டுத் தன் பெட்டியில் பூட்டிவிட்டாள். “இது தலைக்கும் டயருக்கும். மிச்சத்தில் வண்டி பாருங்கள்” என்றாள். அன்பர்களே, பழைய வண்டி வாங்குவோர் செய்யும் பெரும்பிழை, கையிலுள்ளதை எல்லாம் வண்டிக்கே கொடுத்துவிடுவதுதான்.

முதலில் பார்த்த வண்டி சித்தூரில் ஒரு தரகரிடம் இருந்தது. கண்ணாடிபோல் மின்னியது. எஞ்சினின் மேல் கையை வைத்துப் பார்த்தேன், சூடாக இருந்தது. நாங்கள் வருமுன் யாரோ அதை ஓட்டிச் சூடேற்றியிருக்கின்றார்கள்! குளிர்ந்த எஞ்சின் உண்மை சொல்லும். சூடான எஞ்சின் தன் நோயை மறைத்துவிடும். கைப்பிடி சேரும் கழுத்துப் பகுதியில், வெல்டிங்கின் மேல் புதுப்பூச்சு தெரிந்தது. விழுந்து எழுந்த வண்டி என்று உணர்ந்து திரும்பினோம். மகன் முகம் வாடிற்று. என்ன செய்வது?

இரண்டாவது வண்டி வேலூரில் கிடைத்தது. 2019ஆம் ஆண்டு வண்டி, ஒரே கை, இரு சக்கரங்களிலும் ஏ.பி.எஸ். என்னும் பிரேக் பாதுகாப்பு உண்டு. ஈரத்தில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காப்பது அது. நாங்கள் சோதித்த முறையைச் சொல்கின்றேன், இளைஞர்கள் குறித்துக்கொள்ளலாம்.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கைப்பிடியை மெல்லத் திருப்புக. நடுவில் தடுக்கினால் ‘கோன் செட்’ தேய்ந்தது என்று பொருள். முன் போர்க்கை அசைத்து, எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவுக. பின் ஸ்ப்ராக்கெட்டில் செயினைப் பின்னோக்கி இழுக்க. பல்லில் பாதி தெரிந்தால் செயினின் காலம் முடிந்தது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பட்டை தேயாமல் இருந்தாலும், வயதான இரப்பர் இறுகிவிடும், ஈரத்தில் பிடிக்காது.

ஸ்போக்ஸ் கம்பிகளைச் சோதிக்க எனக்கு இரயில்வேயே ஆசிரியர். நிலையத்தில் வண்டி நின்றதும் சக்கரங்களைச் சுத்தியால் தட்டிச் செவிமடுத்துச் சென்றவர்களைப் பெரியோர்கள் கண்டிருப்பீர்கள். நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும். கெட்டது தகரமாய் ஒலிக்கும். அவ்வாறே ஒவ்வொரு கம்பியையும் சிறு ஸ்பானரால் தட்டினேன். இரண்டு தளர்ந்திருந்தன. அதைச் சொல்லி விலையைக் குறைத்து, 1,25,000 ரூபாய்க்கு முடித்தோம்.

இனிக் காகிதம். இவ்வூர்கள் எல்லாம் ஒரே மாகாணமாய் இருந்த காலம் ஒன்று உண்டு. 1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1960இல் திருத்தணி அப்பக்கமும் சத்தியவேடு இப்பக்கமுமாக எல்லை மாறிற்று. வேலூருக்கும் சித்தூருக்கும் இடையே சிறிது நேரப் பயணமே. ஆயினும் அந்தக் கோட்டைத் தாண்டிய வண்டி அயல்நாட்டு விருந்தாளிதான்! விற்பவரின் ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும் என்.ஓ.சி., அதாவது 28ஆம் படிவம், இன்றியமையாதது. உரிமை மாற்றத்துக்கு 29, 30 ஆகிய படிவங்கள். கடன் இருந்து தீர்ந்திருப்பின் 35ஆம் படிவம். ஆந்திரத்தில் புது எண் பெற்று, ஆயுள் வரியும் கட்டவேண்டும். தமிழகத்தில் கட்டிய வரியில் எஞ்சியதைத் திரும்பக் கேட்கலாம்; அதற்குப் பொறுமை வேண்டும். ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணும், சட்டத்தின் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். நிலுவையில் உள்ள அபராதங்களை அரசின் ‘பரிவாகன்’ தளத்திலேயே காணலாம்.

வாங்கியவர் 30 நாள்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு எழுத வேண்டும். இன்சூரன்சை 14 நாள்களுக்குள் தம் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று ஓட்டித் திரிவோர் பலர். பழைய உரிமையாளர் பெயரில் வண்டி இருக்கையில் விபத்து நேர்ந்தால், இரண்டு குடும்பங்கள் நீதிமன்றப் படி ஏறும். இதை நினைவில் கொள்ளுங்கள்.

வண்டி வீடு வந்ததும் அந்த உறை திறக்கப்பட்டது. டயரும் டியூபும் 9,000; செயினும் ஸ்ப்ராக்கெட்டும் 4,500; பிரேக் பேடுகள் 1,500; ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள முழுமுகத் தலைக்கவசம் இரண்டு 6,000. தோளிலும் முழங்கையிலும் காப்பு வைத்த சட்டை, கையுறை, முழங்கால் காப்பு ஆகியவை இருவர்க்கும் 14,000. கூட்டிப் பாருங்கள், 35,000 சரியாக முடிந்தது. பதிவுச் செலவும் வரியும் தனியே கட்டினோம். மகன் கூடுதல் விளக்கு கேட்டான். “அடுத்த மாதச் சம்பளத்தில்” என்றாள் அவன் தாய். அச்சொல்லைக் கேட்டு மூவரும் சற்று நேரம் பேசவில்லை. அவன் தலைக்கவசத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

பிறகு, மாதம் ஒன்றாகச் சிலவற்றைச் சேர்த்தோம். எஞ்சினுக்குக் காப்புக் கம்பி, கைக்குக் காப்பு, கருவிப் பை. இவ்வண்டியின் முன்சக்கரம் 21 அங்குலம். அதற்குரிய டியூப் சிற்றூர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகையால் ஒரு டியூபும், பஞ்சர் ஒட்டும் பொருளும், கைப் பம்பும் எப்போதும் உடன் இருக்கவேண்டும். கிளட்ச் கேபிள் ஒன்று, பியூஸ்கள் சில, முதலுதவிப் பெட்டி ஒன்று. சைலன்சரை மாற்றி ஊரை எழுப்பும் வேலை வேண்டா. அது சட்டத்துக்கும் ஆகாது, காலனியில் உறங்கும் குழந்தைக்கும் ஆகாது.

மூட்டை கட்டுவதைப் பற்றிப் பார்சல் எழுத்தன் பேசாவிட்டால் யார் பேசுவது? ஒரு பக்கம் கனமாக ஏற்றிய வேகன் வளைவில் ஆபத்து என்பது எங்களுக்குப் பாலபாடம். வண்டியும் அதுவே. ஏறத்தாழ 190 கிலோ எடையுள்ள வண்டி; ஓட்டுவோன் வேறு, பின்னமர்வோர் வேறு. இரு பக்கப் பைகளும் ஒரே எடையாக இருக்கட்டும். கனமானது கீழே, உடலுக்கு அருகே, இலேசானது மேலே. பின்சக்கர அச்சுக்குப் பின்னால் கனத்தைத் தொங்கவிட்டால், முன்சக்கரம் இலேசாகி வழி தவறும். எடுத்து வைத்தவற்றில் பாதியைத் திரும்ப வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படுவதே அறிவுடைமை.

முதற்பயணமாகத் தந்தையும் மகனும் தலக்கோனை அருவிக்குச் சென்றோம். ஏறத்தாழ 270 அடி உயரத்திலிருந்து விழும் நீரை, இருபது ஆண்டுகள் அருகிலிருந்தும் நான் கண்டதில்லை. இரயில் செல்லாத இடம் அல்லவா? அடுத்த முறை ஹார்ஸ்லி மலை. மூன்றாம் முறை என் மனைவியே, “நான் வருகின்றேன்” என்று என் தலைக்கவசத்தை எடுத்து அணிந்து, மகன் பின்னால் அமர்ந்தாள். நான் பேருந்தில் சென்றேன்.

பாகராப்பேட்டை வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னாளாம். ஒரு பிடி பூவைக் கல்லின்மேல் வைத்தாளாம். ஒன்றும் பேசவில்லையாம். மீண்டும் ஏறி அமர்ந்து, “மெதுவாகப் போ” என்று மட்டும் சொன்னாளாம். மகன் இதை என்னிடம் சொன்னபோது அவன் குரல் தழுதழுத்தது.

பெற்றோர்களே, “கூடாது” என்ற ஒரு சொல்லால் பிள்ளையின் ஆசையைத் தடுத்துவிட முடியாது. தடுத்தால் நமக்குத் தெரியாமல் வாங்குவான். டயர் பார்க்காமல் வாங்குவான். கேட்டதை எல்லாம் கடன் வாங்கிக் கொடுப்பதும் அன்பு அன்று. அவனோடு கடைக்குச் செல்லுங்கள், அவனோடு குனிந்து செயினைப் பாருங்கள், ஆர்.டி.ஓ. அலுவலக வரிசையில் அவனோடு நில்லுங்கள்.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். விளக்கும் ஊதலும் ஒட்டுப்படமும் அடுத்த மாதச் சம்பளத்துக்குக் காத்திருக்கலாம். தலைக்கவசம் காத்திருக்கலாகாது.

இன்றும் மகன் புறப்படும்போதெல்லாம் அவன் தாய் வாசலுக்கு வந்து, தலைக்கவசத்தின் வாரைத் தன் விரலால் இழுத்துப் பார்த்துவிட்டே உள்ளே செல்கின்றாள்.