ஏடும் நாடாவும்



ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தந்த பெரியார்களை நாம் நன்றியோடு நினைவுகூருகிறோம். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1885 ஆம் ஆண்டிலே தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடும், 1887 ஆம் ஆண்டிலே கலித்தொகையையும் அச்சேற்றினார். செல்லுக்கு இரையாகிக்கொண்டிருந்த ஏடுகள் அதனால் பிழைத்தன.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் ஒருவகைச் சுவடியைப் பற்றியதே. ஆனால் அது பனையோலையன்று; நம் வீட்டு அலுமாரிகளிலே கிடக்கும் வீடியோ கசெற்.

ஜே.வி.சி. என்னும் யப்பானிய நிறுவனம் வீ.எச்.எஸ். நாடாவை 1976 இல் அறிமுகஞ் செய்தது. இலங்கையில் ரூபவாஹினி 1982 இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டிலேயே வீடியோ டெக் நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. கல்யாணம், தேர்த்திருவிழா, பாடசாலை நாடகம் யாவும் நாடாவில் ஏறின. வெளிநாடு சென்ற பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டியதும், அவர்களின் வாழ்வை நமக்குக் காட்டியதும் அந்த நாடாக்களே.

எங்கள் கல்லூரியிலும் ஒரு பெட்டி நிறைய நாடாக்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றிலே, காலஞ்சென்ற மூத்த ஆசிரியர் ஒருவர் மாணவருக்குக் கூத்துப் பழக்குகிறார். மேடையிலே அரங்கேறிய கூத்தன்று, ஒத்திகை. தாளம் தவறிய இடத்திலே நிறுத்தி, தாமே பாடி, ஆடிக் காட்டுகிறார். அவர் நூல் எதுவும் எழுதவில்லை. அவர் கற்பித்த முறைக்கு அந்த நாடா ஒன்றே சான்று.

அந்த நாடாவைக் கணினியில் ஏற்ற முனைந்தபோதுதான் ஓலைக்கும் நாடாவுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தேன். ஓலையை வாசிக்கக் கண்ணும் பயிற்சியும் போதும். நாடாவை வாசிக்க மூன்று துணைகள் வேண்டும். முதலாவது, நாடாவை ஓட்டும் டெக். அதனை இறுதிவரை உற்பத்தி செய்துவந்த யப்பானின் புனாய் நிறுவனமும் 2016 யூலையோடு நிறுத்திக்கொண்டது. இரண்டாவது, டெக்கிலிருந்து வரும் அலைகளை எண்களாக மாற்றிக் கணினிக்குக் கொடுக்கும் காட். மூன்றாவது, அந்தக் காட்டோடு கணினி பேசுவதற்கான இயக்கி மென்பொருள்.

கல்லூரியில் அத்தகைய பழைய காட் ஒன்று இருந்தது. பீ.ரி. 878 என்னும் சில்லைக் கொண்டது. அதனைச் செருகும் பீ.சீ.ஐ. என்ற இடமே இன்றைய கணினிகளில் இல்லை. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என் வீடு இருக்கும் கொச்சிக்கடையிலிருந்து நடக்கும் தூரத்திலுள்ள புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலே தேடி, பழைய காட்டைப் புதிய இடத்திலே பொருத்தும் இணைப்புப் பலகை ஒன்றைக் கொண்டுவந்தான். காட் பொருந்தியது. ஆனால் விண்டோஸ் அதனை ஏற்க மறுத்தது. காட்டோடு வந்த இயக்கி மென்பொருள் பழைய 32 பிற் கணினிக்கு எழுதப்பட்டது. இன்றைய 64 பிற் விண்டோஸில் அது இயங்காது.

பின்னர் அதே கணினியில் லினக்ஸை நிறுவினோம். காட் உடனே இனங்காணப்பட்டது. பி.ரி.ரி.வி. என்னும் இயக்கி மென்பொருள் லினக்ஸோடு கூடவே வருகிறது. அதன் மூலநிரல் யாவரும் பார்த்துத் திருத்தக்கூடியது. அதனால் 2023 ஆம் ஆண்டிலும் அது புதிய முறைக்கு ஏற்பத் திருத்தி எழுதப்பட்டது.

நேயர்களே, தமிழாசிரியனாகிய எனக்கு அப்போது உரையாசிரியர்களே நினைவுக்கு வந்தார்கள். தொல்காப்பிய மூலம் மட்டும் நமக்குக் கிடைத்து, இளம்பூரணரும் சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் உரை செய்யாது விட்டிருந்தால், எத்தனை சூத்திரங்கள் நமக்கு விளங்கியிருக்கும்? நாடா மூலம் என்றால் இயக்கி மென்பொருள் உரை. உரை அற்றுப்போனால் மூலம் கையிலிருந்தும் பயனில்லை. முகமறியாத சிலர் பயன் கருதாது எழுதிவந்த உரையே எங்கள் நாடாவைப் பேசவைத்தது.

முதலில் படம் மாத்திரமே வந்தது. இவ்வகைக் காட்கள் பலவற்றில் ஒலியைத் தனிக் கம்பி வழியாகக் கணினியின் ஒலி வாயிலுக்குக் கொடுக்க வேண்டும். கம்பியைப் பொருத்தியதும் ஆசிரியரின் குரல் எழுந்தது. அதனைக் கேட்ட இன்றைய மாணவர் இருவர் தம்மையறியாமலே தாளம் போட்டனர்.

1981 இல் யாழ். பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்த இழப்பை நாம் இன்றும் மறக்கவில்லை. நாடா அழியத் தீ வேண்டியதில்லை. கொழும்பின் கடற்காற்றும் ஈரமுமே அதிலே பூஞ்சணத்தைப் படரவைத்துவிடும். காந்த நாடாக்களை 2025 ஆம் ஆண்டுக்குள் பிரதி செய்யாவிட்டால் பெரும்பகுதி கைநழுவிப்போகும் என்று 2019 இலே யுனெஸ்கோவின் திட்டமொன்று எச்சரித்தது. அந்தக் கெடுவை நாம் எட்டிவிட்டோம்.

ஆகவே சில வேண்டுகோள்கள். பூஞ்சணம் பிடித்த நாடாவை டெக்கிலே போடாதீர்கள். அது டெக்கையும் கெடுத்து, அடுத்த நாடாவுக்கும் பரவும். வேறெங்கும் இல்லாததை முதலிற் பிரதி செய்யுங்கள். சினிமாப் படம் பிறரிடமும் இருக்கும், பாட்டியின் தாலாட்டு இராது. சுருக்காமற் சேமித்தால் ஒரு மணி நேரப் பதிவு 70 கிகாபைற்றுக்கு மேல் இடம் பிடிக்கும். ஆதலால் தரங் குறையாது சுருக்கும் முறையைக் கைக்கொள்ளுங்கள். இரு பிரதிகள் எடுத்து இரு வீடுகளில் வையுங்கள். யார், எங்கே, எப்போது என்பதை எழுதி வையுங்கள். பழைய டெக்கையும் காட்டையும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். 2005 முதல் நம் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிலே பேணிவரும் நூலகம் நிறுவனம் போன்ற முயற்சிகளுக்குத் துணை நில்லுங்கள்.

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயில் கருங்கல்லால் ஆனது. கல் நம்மைக் காத்திருக்கும். ஓலையும் சில தலைமுறை பொறுக்கும். நாடாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. இந்த விடுமுறையிலாவது அலுமாரியைத் திறந்து பாருங்கள்.