ரத்தம் குறைந்தால் நெஞ்சும் வலிக்கும்



அதியமான்கோட்டைப் பக்கம் காட்டு வேலைக்குப் போகிற நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர், "மேட்டுல ஏறினா மூச்சு வாங்குது, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது" என்றால், அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள்? "உனக்கு ரத்தம் கம்மி, கீரை தின்னு." அதே மூச்சிரைப்பு அவர் வீட்டுக்காரருக்கு வந்தால் இ.சி.ஜி. எடுக்க ஓடுகிறோம். அம்மாவின் இதயத்தை யாரும் பார்ப்பதில்லை. ஐயாவின் ரத்த அளவை யாரும் கேட்பதில்லை. இரண்டுமே அரைகுறை வைத்தியம்.

நம் உடம்பின் மற்ற உறுப்புகள், தம்மிடம் வரும் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் எடுத்துக்கொள்கின்றன. இதயத் தசையோ நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே முக்கால் பங்கு வரை எடுத்துவிடுகிறது. கூடுதலாகத் தேவைப்பட்டால் அதற்கு ஒரே வழிதான் உண்டு: ரத்த ஓட்டம் அதிகரிக்க வேண்டும்.

தொப்பூர் கணவாயை நினைத்துக்கொள்ளுங்கள். லாரிகள் பாதிச் சுமையோடு வந்தால், அதே சரக்கைச் சேர்க்க இரண்டு நடை அடிக்க வேண்டும். சாலையும் ஒரு பக்கம் அடைபட்டிருந்தால்? ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் 14 இருக்க வேண்டியவருக்கு 7 என்பது அந்தப் பாதிச் சுமை. சர்க்கரை, பீடி, கொழுப்பு இவற்றால் சுருங்கிய இதயத் தமனிதான் அந்தச் சாலை. ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கும். ஆனால் இதயத் தசைக்குப் பெரும்பாலான ரத்தம் இரண்டு துடிப்புக்கு நடுவில் வரும் ஓய்வில்தான் பாய்கிறது. வேகம் கூடக்கூட அந்த ஓய்வு குறையும். அங்கேதான் நெஞ்சுவலி பிறக்கிறது. தமனியில் புதிதாக ரத்தக்கட்டி எதுவும் அடைக்காமலேகூட மாரடைப்பு வரலாம்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இவர்களுக்கு வயது ஏறும்போது சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13, கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. ஆணுக்கோ, மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ ரத்தம் குறைந்தால், சத்து மாத்திரையோடு விட்டுவிடாதீர்கள். குடல்புண், மூலம், சிறுநீரகக் கோளாறு, சில சமயம் புற்றுநோய்கூட அதன் பின்னால் இருக்கலாம். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கு வயிற்றில் மெல்ல ரத்தம் கசிந்து, மலம் கறுக்கலாம். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் தார் போல ஒட்டிக்கொண்டு, கடும் நாற்றத்தோடு போனால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, அது இன்னும் ஆபத்து.

"ஒரு பாட்டில் ரத்தம் ஏத்திடுங்க டாக்டர்" என்று கேட்கிறவர்கள் உண்டு. மாரடைப்போடு ரத்தசோகையும் இருந்த 3,504 பேரிடம் நடந்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. ஹீமோகுளோபினை 10-க்குக் குறையாமல் வைத்திருந்தவர்களில் 14.5 சதவீதம் பேருக்கும், 7 அல்லது 8-க்குக் கீழே போனால் மட்டும் ரத்தம் ஏற்றப்பட்டவர்களில் 16.9 சதவீதம் பேருக்கும் ஒரு மாதத்துக்குள் மீண்டும் மாரடைப்போ மரணமோ நேர்ந்தது. அந்த வித்தியாசம் உறுதியான முடிவு சொல்லப் போதவில்லை. வேகமாக ரத்தம் ஏற்றினால் பலவீனமான இதயம் திணறிப்போகும். எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். நம் ஊர்க் களியில் இரும்புச்சத்து உண்டு, ஆனால் தானியத்தில் இருக்கும் இரும்பைக் குடல் எளிதில் உறிஞ்சாது. அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியைத் தொட்டுக்கொள்ளுங்கள். அதன் வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும். டீ அதைத் தடுக்கும், ஆகவே சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள். ஏற்கெனவே இதய நோய் உள்ளவருக்கு ஹீமோகுளோபின் 8 என்றால் உணவு மட்டும் போதாது, மருந்து தேவை.

நெஞ்சு அழுத்தி, வியர்த்து, கை கடுத்தால் "வாயுப்பிடிப்பு" என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

அடுத்த முறை சர்க்கரை, பிரஷர் பார்க்கப் போகும்போது, "ஹீமோகுளோபினும் பாருங்கம்மா" என்று நர்ஸிடம் கேளுங்கள். மூச்சு வாங்குகிற அம்மாவுக்கு இ.சி.ஜி.யும் எடுக்கச் சொல்லுங்கள்.