மலாயும் இந்தியும்: இரு பொதுமொழிகளின் கதை

பல மொழி பேசும் மக்கள் ஒரே நாடாகச் சேரும்போது, பொதுவில் எந்த மொழியில் பேசுவது என்ற கேள்வி தப்பாமல் எழும். இருபதாம் நூற்றாண்டில் இந்தோனேசியா அதற்கு மலாய் என்று விடை சொன்னது. இந்திய ஒன்றியம் இந்தி என்றது. இவ்விரு மொழிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே இச்சொற்பொழிவின் பொருள்.

கொங்கு நாட்டுக்கு இரண்டுமே தூரத்து மொழிகள் அல்ல. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவை ஃபவுண்டரிகளிலும் பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்களின் இந்தி நாள் முழுதும் ஒலிக்கிறது. சேலம் பக்கத்திலோ, மலாயா ரப்பர் தோட்டங்களுக்குப் போன தாத்தாவைப் பற்றிய பேச்சு பல வீடுகளில் உண்டு.

சொற்களைப் பார்த்தால் இரண்டும் பல இடங்களில் கைகோக்கின்றன. இந்தியின் ‘பாஷா’ மலாயில் ‘பஹாசா’. ‘குரு’ இரண்டிலும் குருதான். இந்தியில் ‘குர்சி’ என்ற நாற்காலி மலாயில் ‘கெருசி’. நலம் விசாரிக்க மலாய்க்காரர் ‘ஆபா கபார்’ என்பார். இந்திக்காரர் ‘க்யா கபர்’ என்பார். ஒருபுறம் சமஸ்கிருதம், மறுபுறம் அரபும் பாரசீகமும் என இரண்டும் ஒரே களஞ்சியங்களிலிருந்து அள்ளியிருக்கின்றன. மலாயில் தமிழின் பங்கும் கணிசமானது. கப்பல் அங்கே ‘கப்பால்’, கட்டில் ‘காத்தில்’, பெட்டி ‘பெத்தி’. வணிகர் போடும் முதல்தான் மலாயில் ‘மோடால்’.

இந்த உறவு பழையது. சுமத்ராவில் பலெம்பாங் அருகே கிடைத்த கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு கி.பி. 683ஆம் ஆண்டுக்குரியது. மொழி பழைய மலாய்; எழுத்து பல்லவர் எழுத்து. அதே தீவின் பாரூஸ் துறைமுகத்தருகே, 1088இல் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் தமிழிலேயே கல்வெட்டுப் பொறித்தனர்.

இலக்கணத்துக்கு வந்தால் இரண்டும் வெவ்வேறு உலகங்கள். இந்தி இந்தோ-ஆரியக் குடும்பம். மலாய் ஆஸ்ட்ரோனேசியக் குடும்பம். ‘ராமன் கடைக்குப் போனான்’ என்பதை இந்தியில் ‘ராமன் துகான் பர் கயா’ எனலாம். சொல் வரிசை அப்படியே தமிழ்தான். வேற்றுமை உருபைப் போல ‘பர்’ பெயருக்குப் பின்னால் நிற்கிறது. மலாயில் அதுவே ‘ராமன் பெர்கி கெ கெடாய்’. ‘கெடாய்’ நம்முடைய கடை. ஆனால் வாக்கியம் தலைகீழாகிவிட்டது: வினை நடுவில், ‘கெ’ பெயருக்கு முன்னால். தமிழ்ச் சொல்லை வைத்திருக்கும் வாக்கியம் தமிழின் அமைப்பை விட்டு விலகி நிற்கிறது. பாரசீகத்திலிருந்து வந்த சொல்லை வைத்திருக்கும் வாக்கியம் தமிழின் வரிசையில் நடக்கிறது.

இந்தி கற்கும் தமிழரைத் திணறடிப்பது பால் பாகுபாடு. பருப்பு பெண்பால், சோறு ஆண்பால். ஆகவே பருப்பு நன்றாக இருந்தால் ‘அச்சீ’, சோறு நன்றாக இருந்தால் ‘அச்சா’. மலாயில் எது சுவையாக இருந்தாலும் ‘செடாப்’ ஒன்றே போதும். காலம் காட்ட வினை உருமாறுவதில்லை. ‘சூடா’ சேர்த்தால் முடிந்தது, ‘ஆகான்’ சேர்த்தால் இனி நடக்கப்போவது. இன்னொரு நுட்பம் தமிழருக்கு மகிழ்ச்சி தரும். கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் ‘நாம்’ மலாயில் ‘கித்தா’. அவரை விட்டுச் சொல்லும் ‘நாங்கள்’, ‘காமி’. இந்திக்கு இரண்டுக்கும் ‘ஹம்’ ஒன்றுதான்.

ஆனால் ஒரு மொழி பொதுமொழியாக நிலைப்பதை இலக்கண எளிமை மட்டும் தீர்மானித்துவிடாது. 1928 அக்டோபர் 28இல், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவில் கூடிய இளைஞர் மாநாடு, மலாயை ‘பஹாசா இந்தோனேசியா’ என்ற பெயரில் ஒற்றுமையின் மொழியாக ஏற்றது. அப்போது அது அந்தத் தீவுகளில் சிறுபான்மையினரின் தாய்மொழி. மிகப் பெரிய கூட்டம் சாவக (ஜாவானிய) மொழியினர். கேட்பவரின் தகுதிக்கேற்பச் சொற்களையே மாற்றிப் பேச வேண்டிய மொழி சாவகம். மலாயோ துறைமுகச் சந்தைகளில் எல்லோருக்கும் பழகிய மொழி. சாவகர் தம் எண்ணிக்கையைக் காட்டி உரிமை கோரவில்லை. அதனால் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் மலாய் வந்தபோது, மிகப் பெரிய கூட்டமும் மற்றவர்களோடு சேர்ந்தே அதைக் கற்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் நடந்தது வேறு. 1949 செப்டம்பர் 14இல் அரசியல் நிர்ணய சபை இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக ஏற்று, ஆங்கிலத்துக்கு 15 ஆண்டு அவகாசம் தந்தது. அந்த அவகாசம் முடியும் 1965 ஜனவரி 26 நெருங்கியதும் தமிழ் மாணவர்களை வாட்டிய கவலை தெளிவானது: ஒன்றிய அரசுத் தேர்வில் ஒருவருக்குத் தாய்மொழி, இன்னொருவருக்குப் பாடமொழி என்றால் போட்டி எப்படிச் சமமாகும்? போராட்டம் மூண்டது. பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த மத்திய அமைச்சர் சி. சுப்பிரமணியம் பிப்ரவரி 11இல் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். மறுநாள் பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பறிபோயின. ஆங்கிலம் தொடரும் என்ற உறுதி 1967இல் சட்டத் திருத்தமாயிற்று.

மலேசியாவில் மலாயே பெரும்பான்மையினரின் மொழி. அங்கும் சமநிலைக் கேள்வி எழாமல் இல்லை. ஆனாலும் 1816இல் பினாங்கில் தமிழ் வகுப்பாகத் தொடங்கிய கல்வி, இன்று 500க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளாக நிற்கிறது. அங்கே பிள்ளைகள் தமிழில் படித்துக்கொண்டே மலாயும் கற்கிறார்கள்.

திருப்பூரில் இந்தி பேசக் கற்ற மேஸ்திரியை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தையல் லைன் ஓட வேண்டும் என்பதற்காகக் கற்றார். அவரிடம் வேலை பார்க்கும் பீகார் இளைஞர் சம்பளக் கணக்கையும் கடைக் கணக்கையும் தமிழில் பேசுகிறார். இந்தப் பழக்கம் கல்விப்புலத்திலும் இடம்பெற வேண்டும் என்பதே இம்மேடை வைக்கும் வேண்டுகோள். கோவைக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகள் தமிழ், இந்தி, மலாய் மூன்றையும் அருகருகே வைக்கும் ஒப்பிலக்கணக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதட்டும். இங்கு வந்து பள்ளியில் சேரும் வடமாநிலப் பிள்ளைகளுக்கு, அவர்கள் வீட்டு மொழியின் வழியே தமிழ் கற்பிக்கும் பாடநூலுக்கும் அதுவே அடித்தளமாகும்.