கிழங்கும் கால்முடக்கமும்



வீட்டுப் பின்புறம் நான்கு மரவள்ளிக் குச்சிகளை ஊன்றாத தோட்டக் குடும்பம் குறைவு. ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, அரிசி கிடைக்காதபோது நம் பெரியவர்களின் வயிற்றை நிரப்பியது இந்தக் கிழங்குதான். அதே கிழங்கு ஆப்பிரிக்காவில் சில ஊர்களில் பிள்ளைகளின் கால்களை முடக்கியது. காரணம் தேடிய ஒரு மருத்துவரைப் பற்றி இன்று பேசுவோம்.

ஹான்ஸ் ரோஸ்லிங் சுவீடன் நாட்டவர். 1979இல் மொசாம்பிக் நாட்டின் வடக்கே, நக்காலா என்ற துறைமுக ஊருக்கு வேலைக்குப் போனார். ஏறத்தாழ 3 லட்சம் மக்களின் உடல்நலம் அவர் பொறுப்பில் இருந்தது. 1981 ஆகஸ்டில் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து புதுவிதமான நோயாளிகள் வந்தார்கள். நேற்றுவரை ஓடியாடிய பிள்ளைக்கு இன்று இரு கால்களும் விறைத்துவிட்டன. இளம்பிள்ளை வாதம் என்றால் கால் துவண்டு தொங்கும். இங்கோ கால் மரக்கட்டை போல் ஆயிற்று. பெண்களும் பிள்ளைகளுமே அதிகம். அந்த ஆண்டில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இப்படி முடங்கினார்கள்.

தொற்றுநோயாக இருக்குமோ என்ற அச்சம் பரவியது. சாலையை அடைத்துப் பேருந்தை நிறுத்தலாமா என்று நகரத் தலைவர் கேட்டார். ஏதாவது செய்தாக வேண்டும் என்றார் ரோஸ்லிங். சாலை அடைபட்டது. சந்தைக்குப் போக வழியில்லாத தாய்மார்கள், கைப்பிள்ளைகளோடு மீன்பிடிப் படகில் ஏறினார்கள். படகு கவிழ்ந்து அனைவரும் மாண்டனர். பல்லாண்டுகள் இதைப் பற்றி வாய்திறக்க முடியாமல் இருந்த அவர், கடைசிக் காலத்து நூலில்தான் எழுதினார்.

உண்மையில் அது தொற்றுநோயே அல்ல. ஜூலி கிளிஃப் என்ற ஆஸ்திரேலிய மருத்துவரும் மற்றவர்களும் சேர்ந்து ஆராய்ந்தபோது, விடை அடுப்பங்கரையில் இருந்தது. கசப்பு மரவள்ளியில் சயனைடு நஞ்சு உண்டு. அங்குள்ள பெண்களுக்கு இது தெரியும். கிழங்கைத் தோல்நீக்கிச் சீவி, வாரக்கணக்கில் வெயிலில் உலர்த்தி, பிறகே மாவாக்குவார்கள். அந்த ஆண்டோ கடும் வறட்சி; வேறு பயிர் எதுவும் தேறவில்லை. பசித்த பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தத் தாய் வாரக்கணக்கில் காத்திருப்பாள்? அரைகுறையாக உலர்ந்ததையே இடித்துச் சமைத்தார்கள்.

கொஞ்சம் நஞ்சு என்றால் நம் உடல் அதை மாற்றிச் சிறுநீரில் தள்ளிவிடும். அதற்குக் கந்தகம் கலந்த புரதச் சத்து வேண்டும். மீன், முட்டை, பயறு போன்றவற்றில் அது கிடைக்கும். பஞ்சத்தில் அதுவும் இல்லை. தேங்கிய நஞ்சு, மூளையிலிருந்து கால்களுக்குக் கட்டளை அனுப்பும் நரம்பணுக்களைக் கெடுத்தது. இந்நோய்க்குக் 'கொன்சோ' என்று பெயர். காங்கோவின் யாக்கா மொழியில், கட்டுண்ட கால்கள் என்று பொருள். 1938இலேயே டிரோல்லி என்ற இத்தாலிய மருத்துவர் அங்கே இதைக் கண்டு எழுதியிருந்தார். காரணம் மட்டும் தெரியாமல் கிடந்தது.

1989இல் ரோஸ்லிங் காங்கோவுக்கே போனார். அப்போது அந்நாட்டின் பெயர் ஜயர். இரத்தம் எடுக்க ஊசியோடு நின்றவரை, கத்தி ஏந்திய ஊரார் சூழ்ந்துகொண்டார்கள். நம் இரத்தத்தை விற்கப் போகிறான் என்று சினம். அப்போது வெறுங்காலோடு ஒரு மூதாட்டி முன்னே வந்தார். தட்டம்மையில் பேரப்பிள்ளைகளை இழந்த கதையைச் சொல்லி, தடுப்பூசி எப்படி வந்தது, இப்படி ஆராய்ந்துதானே என்று ஊரைக் கேட்டார். பிறகு தம் கையை நீட்டினார். பள்ளிக்கூடம் அறியாத அந்த அம்மாளின் தெளிவு நமக்கு வியப்பளிக்கிறது.

தாய்மார்கள் அஞ்ச வேண்டாம். நாம் உண்ணும் கசப்பில்லாத வகையைத் தோல்நீக்கி, நன்றாக வேகவைத்தால் போதும். பச்சையாக மட்டும் பிள்ளைகள் கடிக்கக் கூடாது.

ரோஸ்லிங் 2017இல் காலமானார். கசப்பு மாவுக்கு எளிய வழியைக் கண்டவர், ஆஸ்திரேலிய அறிஞர் ஹோவர்ட் பிராட்பரி. மாவை நீர்விட்டுப் பிசைந்து, பாயில் மெல்லப் பரப்பி, நிழலில் 5 மணி நேரமோ வெயிலில் 2 மணி நேரமோ வைத்தால் நஞ்சு ஆவியாகிப் போகும். அன்றைக்கே சமைத்துவிட வேண்டும். காங்கோவின் கய் கலெண்டா என்ற ஊரில் 2010 முதல் பெண்கள் இதைச் செய்தார்கள். அந்த முயற்சி நடந்த காலத்தில் புதிதாக யாரும் முடங்கவில்லை. முன்பே முடங்கிய பிள்ளைகளுக்கு மட்டும் கால் திரும்பவில்லை.